கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

எங்கே கிளம்பினாலும் அம்மா முதலில் கேட்பது இதைத்தான். ஒரு நாளைக்கு மூன்று பஸ் மட்டும் வந்துபோகும் கிராமத்தில் வளர்ந்தவர். போகிற வழியைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. திரும்பி வரும் வழி தெரியாமல் வாசலைத் தாண்ட மாட்டார். போன ஜூனில் நார்வேக் கடற்கரையில் ஏழு இரவுக் கப்பல் பயணம் போனபோது, ஐந்து துறைமுகங்களிலும் எங்கே போவது, எப்படிப் போவது என்று நானே திட்டம் போட்டேன். அதில் உருப்படியாக நின்றவை எல்லாம் அம்மாவின் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்து எழுதியவைதான். ஒரு நாள் கேட்க மறந்தேன். அந்த நாளையும் சொல்கிறேன்.

நாங்கள் நான்கு பேர். நான், என் கணவர், 12 வயது மகன், 68 வயதில் முழங்கால் வலியோடு அம்மா. கோபன்ஹேகனில் ஏறி, பெர்கன், கெய்ராங்கர், ஓலேசுண்ட், ஃப்ளோம், ஸ்டவாங்கர் போய், மறுபடி கோபன்ஹேகனிலேயே இறங்கும் பயணம். கப்பலுக்குப் பணம் கட்டிய சில நாட்களில் அவர்களுடைய கரைச் சுற்றுலாப் பட்டியல் மின்னஞ்சலில் வந்தது. நாள் ஒன்றுக்கு ஒன்று என்று நான்கு பேருக்கும் கூட்டிப் பார்த்தேன். கப்பல் கட்டணத்தில் பாதியைத் தொட்டது. நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு இரவே முடிவு செய்தோம்.

கப்பல் விற்கும் சுற்றுலாவை வீண்செலவு என்று சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில் ஒரு காப்புறுதியும் அடக்கம். அவர்களுடைய பஸ் வழியில் நின்றுபோனால் கப்பல் காத்திருக்கும்; நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. அதனால் ஒவ்வொரு ஊரையும் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து கப்பலுக்குத் திரும்பி வர எத்தனை வழி இருக்கிறது என்று எண்ணினேன். நடந்தும் வரலாம், பஸ்ஸிலும் வரலாம், டாக்சியும் கிடைக்கும் என்றால் பயமில்லாமல் நாமே போகலாம். ஒரே சாலை, ஒரே சுரங்கம், ஒரே படகு என்றால் ஒன்று கப்பல் சுற்றுலாவை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நிறைய நேரத்தை மிச்சம் வைக்க வேண்டும்.

ஊருக்கு ஒரு தாள் என்று ஐந்து தாள் எழுதினேன். கப்பல் வரும் நேரம், எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய கடைசி நேரம், கப்பல் நிற்கும் மேடையின் பெயர், திரும்பும் வழிகள், கப்பலைத் தவறவிட்டால் அடுத்த ஊருக்குப் போகும் பாதை. கரையில் கப்பலின் சார்பில் இருக்கும் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணுக்கு மட்டும் இடம் விட்டுவைத்தேன். அது கப்பலில் தினமும் தரும் செய்தித்தாளில் இருக்கும். முந்தின இரவே பார்த்து எழுதிக்கொள்ளலாம். அப்புறம், காலை 8 மணிக்கு வருகை என்று அச்சிட்டிருந்தால் 8 மணிக்கு நம் கால் கரையில் இருக்காது. கயிறு கட்டி, அனுமதி கிடைத்து, வரிசை நகர்ந்து இறங்க எட்டரை, ஒன்பது ஆகிவிடும். 5 மணிக்குப் புறப்பாடு என்றால் பெரும்பாலும் நான்கரைக்கே ஏறியிருக்க வேண்டும். நான் அதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாக ஒரு கோடு போட்டேன். அந்த நேரத்தில் கப்பல் கண்ணில் படும் இடத்துக்கு வந்துவிட வேண்டும். காப்பி குடிப்பதும் கடை பார்ப்பதும் அந்த இடத்திலிருந்துதான்.

துறைமுக நிர்வாகங்கள் தங்கள் இணையதளங்களில் எந்த நாளில் எந்தக் கப்பல்கள் வருகின்றன, எந்த மேடையில் நிற்கின்றன என்ற அட்டவணையை வெளியிடுகின்றன. வெளியூர்ப் பயணிகள் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. கோபன்ஹேகனில் லாங்கலினியே மேடை என்றால் கடற்கன்னிச் சிலை நடக்கிற தூரம். ஓஷன்காய் என்றால் ஊருக்கு வெளியே, பஸ்ஸோ டாக்சியோ வேண்டும். இரண்டையும் 'கோபன்ஹேகன் துறைமுகம்' என்றுதான் பயணச்சீட்டில் போடுவார்கள். நாங்கள் ஏறியது ஓஷன்காயில். முதலில் பார்த்திருக்காவிட்டால் நான்கு பெட்டிகளோடு லாங்கலினியேவில் போய் நின்றிருப்போம்.

டென்மார்க், நார்வே இரண்டும் ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா ஏற்பாட்டில் இருப்பதால் ஒரே விசா போதும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்றாலும் இதில் இருக்கிறது. இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் ஏறும் கப்பல்களும் இதே ஊர்களுக்குப் போகின்றன. அவற்றில் போகிறவர்களுக்கு இங்கிலாந்து விசாவும் வேண்டும், கைக்கடிகாரத்தில் ஒரு மணி நேர வித்தியாசமும் வரும். செல்பேசி தானாகக் கரை நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் மாறாமல் இருக்கலாம். எந்த நேரம் கணக்கு என்று முதல் நாளே வரவேற்பு மேசையில் கேட்டுவிடுவது நல்லது. இன்னொன்று: கப்பல் கரையை விட்டு விலகியதும் செல்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் வலைப்பின்னலைப் பிடித்துக்கொள்ளும். அதன் கட்டணம் நம் ரோமிங் திட்டத்தில் வராது.

பெர்கன் எளிய ஊர். ஹான்சா என்ற பழைய ஜெர்மானிய வணிகக் கூட்டமைப்பின் வணிகர்கள் இருந்த ப்ரிக்கன் மரவீடுகள் 1979 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. அங்கிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஃப்ளோய்பானன், 1918 முதல் ஓடும் மலை ரயில். கடல் மட்டத்திலிருந்து 320 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. சீட்டை முன்பே இணையத்தில் வாங்கியிருந்ததால், அன்றைக்கு மூன்று கப்பல் கூட்டம் சீட்டு வரிசையில் நின்றபோது நாங்கள் நேராக உள்ளே போனோம். ரயில் ஓடாவிட்டாலும் நடந்தே இறங்கி வந்துவிடலாம் என்பதால் அந்தத் தாளில் கவலைப்பட ஒன்றும் இல்லை. மழை மட்டும் விடவில்லை. வருடத்தில் 200 நாட்களுக்கு மேல் மழை பெய்யும் ஊர் அது. ஒரு கடை வாசலில் குடையோடு போராடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து தமிழ்க் குரல் கேட்டது. "குடை இஞ்ச சரிவராது பிள்ளை, காத்து திருப்பிப் போடும். மழைக்கோட்டு வாங்குங்கோ." யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல வருடங்களாக அங்கே இருக்கும் ஒரு பெரியவர். எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தார், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசினார். மழைக்கோட்டு நல்ல விலையில் கிடைக்கும் கடையையும் காட்டிவிட்டுப் போனார். மீதி நாட்கள் முழுக்க எங்களைக் காப்பாற்றியது அந்த நான்கு மழைக்கோட்டுகள்தான்.

கெய்ராங்கர்தான் நான் மறந்த நாள்.

குளிர்கால மக்கள்தொகை 250 அளவில் இருக்கும் சின்ன ஊர். 15 கிலோமீட்டர் நீளமுள்ள ஃபியோர்டின் கடைக்கோடியில் இருக்கிறது. பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்து உண்டானது ஃபியோர்ட். இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக நிற்கும். எங்கள் கப்பல் அங்கே கரையோரம் கட்டவில்லை. தண்ணீரின் நடுவில் நங்கூரம் போட்டு, டெண்டர் என்று சொல்லும் சின்னப் படகுகளில் ஆட்களை இறக்கியது. இது எனக்குத் தெரியும். தாளிலேயே எழுதியிருந்தேன். ஆனால் டெண்டருக்கும் வரிசை எண் உண்டு, கப்பல் சுற்றுலா வாங்கியவர்களைத்தான் முதலில் இறக்குவார்கள் என்பதை யோசிக்கவில்லை. 1,476 மீட்டர் உயரமுள்ள தால்ஸ்னிபா மலைக்குப் போகும் பஸ்ஸில் காலை ஒன்பதரைக்கு இடம் எடுத்திருந்தேன். 8 மணிக்கு நங்கூரம், ஒன்றரை மணி நேரம் தாராளம் என்று கணக்கு. நாங்கள் கரையில் கால் வைத்தபோது மணி 9.50. பஸ் போய்விட்டது. அன்று இரண்டு கப்பல்கள் வந்திருந்ததால் அடுத்த பஸ்ஸில் நான்கு இடம் இல்லை. முன்பணம் திரும்பி வராத சீட்டு அது. பஸ் நேரத்துக்குப் போனது, தப்பு என் கணக்கில்தான். மகன் அந்த மலை உச்சிப் பனியை ஆறு மாதமாகப் படத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒன்றும் சொல்லாமல் நின்றது எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

டெண்டர் ஊர்களில் நங்கூரம் போட்ட நேரத்திலிருந்து குறைந்தது இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் எதையும் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும்போது கப்பலின் பெயரை எழுதி, இது டெண்டர் கப்பல் என்று மின்னஞ்சலில் கேட்டால், உள்ளூர்க்காரர்கள் எந்த பஸ் சரிப்படும் என்று அவர்களே சொல்வார்கள். அவர்கள் பிழைப்பே கப்பல்களை நம்பி இருப்பதால் அட்டவணை அவர்களுக்கு மனப்பாடம். திரும்பும் வழிக்கும் இதே கவனம் வேண்டும். கப்பல் ஆறு மணிக்குப் புறப்படும் என்பது நமக்கு உதவாது. கடைசி டெண்டர் எத்தனை மணிக்கு என்பதுதான் கேள்வி. அம்மா காலையிலேயே அதைக் கேட்டார். வரும்போதும் இதே வரிசையில்தான் நிற்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கு மீதி நாள் வீணாகவில்லை. ஊருக்குள்ளேயே ஸ்டோர்ஃபோசன் என்ற பேரருவி இரைந்து விழுகிறது. அதை ஒட்டி 327 படிகள் போட்டிருக்கிறார்கள். நானும் மகனும் ஏறினோம். ஒவ்வொரு தளத்திலும் சாரல் முகத்தில் அடித்தது. மேலே ஃபியோர்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. பாறை விளிம்பில் பண்ணை வைத்துப் பிழைத்த குடும்பங்களைப் பற்றி அங்கே காட்டியிருந்ததை அவன் ஒரு மணி நேரம் நகராமல் பார்த்தான். அம்மாவும் கணவரும் கீழே அருவி பார்த்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்குக் குறையே இல்லை. ஏனென்றால் காலை ஐந்தரைக்கே அவரை எழுப்பி மேல்தளத்துக்குக் கூட்டிப் போயிருந்தோம். ஏழு சகோதரிகள் என்று பெயருள்ள அருவிகளும், எதிர்ப்பாறையில் மாப்பிள்ளை என்று பெயருள்ள அருவியும் கப்பலின் இரண்டு பக்கமும் கடந்து போயின. காசு கொடுத்துப் படகில் போய்ப் பார்ப்பதும் இவற்றைத்தான். ஃபியோர்டுக்குள் நுழையும் நேரம், வெளியேறும் நேரம் இரண்டையும் கேட்டு வைத்துக்கொண்டு மேல்தளத்தில் இருந்தால் அதுவே பெரிய சுற்றுலா. ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது.

ஓலேசுண்டில் கப்பல் ஊருக்கு நடுவிலேயே நின்றது. 1904 ஜனவரியில் ஒரே இரவில் ஊர் எரிந்து, பத்தாயிரம் பேர் வீடிழந்தார்கள். மூன்று நான்கு வருடங்களில் மறுபடி கட்டியபோது அந்தக் காலத்தின் ஆர்ட் நுவோ பாணியில் கல்லும் செங்கல்லுமாக எழுப்பினார்கள். வாசல்களின் மேல் பூவும் கொடியும் முகங்களுமாக இருக்கின்றன. ஆக்ஸ்லா குன்றுக்கு 418 படிகள். எங்களில் மூவர் ஏறினோம். மேலே போகச் சாலையும் இருப்பதால், அம்மா அதில் ஓடும் சின்னச் சுற்றுலா வண்டியில் வந்து எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரே இடத்துக்குப் படியும் சாலையும் இருக்கிற ஊர்களை வயதானவர்களோடு போகிறவர்கள் தேடி எடுக்க வேண்டும். சாப்பாட்டுக்கு ரேமா 1000, கிவி மாதிரியான மளிகைக் கடைகளே போதும். ரொட்டி, வாழைப்பழம், தயிர் வாங்கித் துறைமுகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சைவம் சாப்பிடும் அம்மாவுக்கு உணவகத்தைவிட இது நிம்மதி. குழாய்த் தண்ணீரையே புட்டியில் பிடித்துக்கொள்ளலாம். ஏழு நாளில் ஒரு நார்வே குரோனர் நோட்டைக்கூட நாங்கள் கையில் தொடவில்லை. கட்டணக் கழிப்பறைக் கதவும் அட்டையைத் தட்டினால்தான் திறந்தது.

ஃப்ளோமுக்குத்தான் அதிகம் படித்தேன். சொக்ன ஃபியோர்ட் 200 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆழமான இடத்தில் 1,300 மீட்டர். அதன் ஒரு கிளையின் முனையில் ஃப்ளோம். கப்பல் மேடையிலிருந்து சில நிமிட நடையில் ரயில் நிலையம். அங்கிருந்து மலைமேல் மிர்தால் வரை 20 கிலோமீட்டர், 20 சுரங்கங்கள், ஒரு மணி நேரம். கடல் மட்டத்தில் கிளம்பி 860 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. 1920-களில் வேலையைத் தொடங்கி 1940-இல் ரயிலை ஓட்டினார்கள். சுரங்கங்களில் 18-ஐ ஆட்கள் கையாலேயே குடைந்தார்கள்.

இந்த ரயிலின் இருக்கைகளில் பெரும் பகுதியைக் கப்பல்காரர்கள் மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். கரையில் இறங்கிச் சீட்டு வாங்கலாம் என்று வந்தவர்கள் நிலையத்தில் ஏமாந்து நின்றதைப் பார்த்தோம். நான் மூன்று மாதம் முன்பே, போகவும் வரவும் குறிப்பிட்ட நேரத்துக்கே எடுத்திருந்தேன். கப்பல் கேட்டதில் ஏறக்குறைய பாதிப் பணம்தான் ஆனது. காலை முதல் ரயிலை எடுக்காமல் பத்து மணியை ஒட்டிய ரயிலை எடுத்தேன். கப்பல் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் கைவிட்டுப் போகாது. இறங்கி வந்த பிறகும் கப்பல் புறப்பட ஐந்து மணி நேரம் இருந்தது. ஒற்றைத் தண்டவாளம், நடுவே பெரக்வாமில் மட்டும் எதிர் ரயில் விலகும் இடம். அதனால் திரும்பும் வழி ஒன்றுதான் என்று தாளில் எழுதி, இந்த ஐந்து மணி நேரத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தேன்.

வழியில் ஷோஸ்ஃபோசன் அருவியில் ரயில் ஐந்து நிமிடம் நிற்கிறது. எல்லாரும் இறங்கி நின்றபோது பாறை மேல் சிவப்பு உடையில் ஒரு பெண் தோன்றி, பாட்டுக்கு ஆடிவிட்டு மறைந்தாள். ஹுல்ட்ரா என்று ஆண்களை மயக்கிக் காட்டுக்குள் இழுத்துப்போகும் பெண்ணைப் பற்றிய நாட்டுக்கதை. "நம்ம ஊர் மோகினிதான், சிவப்புப் புடவையில வந்திருக்கா" என்றார் அம்மா. இந்தப் பயணத்தில் அவர் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லும் இடம் அதுதான். மதியம் கணவரும் மகனும் ஸ்டெகஸ்டைன் காட்சிமேடைக்கு பஸ்ஸில் போய் வந்தார்கள். 650 மீட்டர் உயரத்தில் 30 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் மேடை. தால்ஸ்னிபாவுக்கு ஈடாகுமா என்று கேட்டேன். "பனி இல்லம்மா, ஆனா பரவாயில்ல" என்றான்.

அந்த ஊர்த் தாளின் கடைசி வரியில் இருந்தது இது: தவறவிட்டால், ஃப்ளோம் ரயிலில் மிர்தால், அங்கிருந்து பெர்கனுக்கு ரயில், பெர்கனிலிருந்து ஸ்டவாங்கருக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலாக ஓடும் பஸ். எழுதி வைத்திருந்ததால் மனம் பதறவில்லை. இதற்காகவே நான்கு பாஸ்போர்ட்டையும், அம்மாவின் இரண்டு நாள் மாத்திரையையும் எப்போதும் என் தோள்பையில் வைத்திருந்தேன். பாஸ்போர்ட்டைக் கப்பல் அறையிலேயே விட்டுவிட வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. வெளிநாட்டு விசாவில் போகும் நாம் கரையில் மாட்டிக்கொண்டால் கையில் அது இருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஸ்டவாங்கரில் கணவரின் ஆசை ப்ரேக்கஸ்தோலன். லீசஃபியோர்டுக்கு மேல் 604 மீட்டர் உயரத்தில் மேசை போல நீட்டி நிற்கும் பாறை. அங்கே போவதற்காகவே அவர் நல்ல காலணி வாங்கியிருந்தார். முந்தின இரவு உட்கார்ந்து பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். கப்பல் 4 மணிக்குப் புறப்படும், மூன்றரைக்கு ஏற வேண்டும். என் கோடு இரண்டரை. மலையடிவாரத்திலிருந்து பஸ் வர ஒரு மணி நேரம். ஆக ஒன்றரைக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். ஏறி இறங்க 8 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். ஒன்பதரைக்கு நடக்கத் தொடங்க வேண்டும். அதற்கு எட்டரைக்கு பஸ்ஸில் இருக்க வேண்டும். கப்பல் வருவதே எட்டு மணிக்கு. வழியில் 2019 கடைசியில் திறந்த, 14 கிலோமீட்டருக்கு மேல் நீளமான கடலடிச் சுரங்கம் இருக்கிறது. பஸ்ஸுக்கு அந்த ஒரே பாதைதான். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சரி, வேண்டாம்" என்றார்.

அதற்குப் பதிலாகக் கப்பல் நின்ற வோகன் துறையிலிருந்தே கிளம்பும் லீசஃபியோர்ட் படகில் நால்வரும் போனோம். மூன்று மணி நேரம். முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் சீட்டு. காற்று, அலை என்று கப்பல் ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போவது உண்டு என்பதால், கெய்ராங்கர் நீங்கலாக மற்ற எல்லாவற்றையும் அப்படித்தான் எடுத்திருந்தேன். படகு ஓர் அருவியின் கீழே முகம் நனையும் அளவுக்கு நெருங்கி நின்றது. ப்ரேக்கஸ்தோலனின் நேர் கீழே வந்ததும் எஞ்சினை மெதுவாக்கினார்கள். கீழேயிருந்து பார்க்கும்போது அது இவ்வளவு பேர் தேடி வரும் பாறை என்றே தெரியவில்லை. சின்னதாக, மற்றப் பாறைகளில் ஒன்றாக இருந்தது. விளிம்பில் மனிதர்கள் இருக்கிறார்களா என்று மகன் கைக்குள் கண்ணைக் குவித்துத் தேடினான். கணவர் தலையை முழுக்கப் பின்னால் சாய்த்து, படகு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மணிக்குத் துறைக்கு வந்துவிட்டோம். கப்பலுக்கு எதிரிலேயே மேட்டில் பழைய ஸ்டவாங்கர், வெள்ளை மரவீடுகளும் ஜன்னல் தொட்டிகளில் பூவுமாக. அம்மா ஒவ்வொரு வாசலாக நின்று நின்று நடந்தார். இரண்டரைக்குக் கப்பல் ஏணியடியில் இருந்தோம். மேல்தளத்தில் உட்கார்ந்ததும் கணவர் ஸ்டவாங்கர்த் தாளை என்னிடமிருந்து வாங்கி, பின்பக்கம் எழுதினார்: இரண்டு இரவு ஊரிலேயே தங்கல், காலை முதல் பஸ், கப்பல் இல்லாமல்.